1.2 நொடி: போன் செயலியால் மாருதி 800-ஐ அளந்தது பற்றி ஒரு திருத்தம்

மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். என்னுடைய 1997 மாடல் மாருதி 800-க்கு ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிய பிறகு, நின்ற இடத்திலிருந்து 80 கி.மீ. வேகம் எட்டும் நேரம் 14.8 நொடியிலிருந்து 13.6 நொடிக்கு இறங்கிவிட்டது என்று. போன் திரையைப் படம் பிடித்தும் போட்டிருந்தேன். 1.2 நொடி லாபம், செலவு 8,500 ரூபாய்.

அந்தக் குறிப்பு தவறு. செயலி கொடுத்த எண்ணை நான் மாற்றி எழுதவில்லை. ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று நான் நினைத்தேனோ, அதை அது சொல்லவே இல்லை. இதைச் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அதே மெக்கானிக்கிடம் போய் அதே வேலையைக் காசு கொடுத்துச் செய்திருக்கிறார்கள். அதனால் எழுதியாக வேண்டும்.

இது அந்த ஒரு செயலியைத் திட்டுகிற கட்டுரை இல்லை. அந்த வகைச் செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு கோளாறைப் பற்றியது. அதனால் பெயர் சொல்லவில்லை.

எங்கே பிசகியது

கோவைக்கு வெளியே மூடிக் கிடக்கிற ஒரு நூற்பாலை வளாகம். உள்ளே கேட்டிலிருந்து பழைய குடோன் வரைக்கும் நேரான தார் ரோடு, 400 மீட்டர் இருக்கும். அனுமதி வாங்கித்தான் ஓட்டினேன். பார்வைக்குச் சமதளம். நூறு பேரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சமதளம் என்றுதான் சொல்வார்கள்.

பழைய சைலன்சரோடு ஓட்டியபோது கேட்டிலிருந்து குடோனை நோக்கி ஓட்டினேன். புது சைலன்சர் போட்ட அன்று குடோன் பக்கம் நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். அங்கிருந்தே கேட்டை நோக்கி ஓட்டிவிட்டேன். அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இயற்பியல் ஆசிரியராக இருக்கிற நண்பர் ஒருவர் என் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு தடவையும் ஒரே பக்கமாத்தான் ஓட்டுனீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்கு வருகிற மேஸ்திரியிடம் லெவல் பார்க்கிற டியூபைக் கடன் வாங்கினேன். தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். 20 மீட்டர் 20 மீட்டராகப் பத்து முறை நகர்த்தி 200 மீட்டருக்குப் பார்த்தோம். குடோன் பக்கம் 1.3 மீட்டர் உயரம். அதாவது 0.65 சதவீதச் சரிவு.

இந்த அற்பச் சரிவு என்ன செய்துவிடும்? கணக்குப் போடலாம். சரிவில் புவியீர்ப்பு வண்டியை இழுக்கிற முடுக்கம் 9.81-ஐ 0.0065-ஆல் பெருக்கினால் வருவது: நொடிக்கு நொடி 0.064 மீட்டர். என் வண்டி 14 நொடியில் 80 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 22.2 மீட்டர், எட்டுகிறது. சராசரி முடுக்கம் 1.59. அதில் 0.064 என்பது 4 சதவீதம். 14 நொடியில் 4 சதவீதம் 0.56 நொடி. ஏறும்போது இவ்வளவு கூடும், இறங்கும்போது இவ்வளவு குறையும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 1.1 நொடிக்கு மேல். உண்மையில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஏனென்றால் வேகம் கூடக்கூட இந்த வண்டியின் சொந்த முடுக்கம் குறைகிறது, சரிவின் பங்கு பெரிதாகிறது.

நான் பீற்றிக்கொண்ட லாபம் 1.2 நொடி. 8,500 ரூபாய் சைலன்சர் செய்ததாக நான் நினைத்ததை, வண்டியைத் திருப்பி நிறுத்தியதே செய்திருக்க முடியும்.

போன் உண்மையில் எதை அளக்கிறது

போனுக்குள் இதற்கு உதவுகிறவை இரண்டு: ஜிபிஎஸ், முடுக்கமானி. இரண்டுக்கும் வேறுவேறு பலம், வேறுவேறு பலவீனம்.

ஜிபிஎஸ் வேகத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தில் ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கிருந்து அங்கே போனோம், அதை நேரத்தால் வகுத்தோம் என்பதில்லை. செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை, நாம் நகர்வதால் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து, அதாவது டாப்ளர் விளைவை வைத்து, நேரடியாக வேகம் கிடைக்கிறது. அதனால்தான் இடத்தைச் சில மீட்டர் தவறாகக் காட்டுகிற அதே போன், சீராக ஓடும் வண்டியின் வேகத்தை ஆச்சரியப்படுகிற அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. இந்த விஷயத்தில் போன் நம் ஸ்பீடோமீட்டரைவிட மேல். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை. உண்மை வேகம் 80 என்றால் முள் 92-இல் நின்றாலும் விதிக்கு உட்பட்டதுதான்.

சிக்கல் வேறு இடத்தில். போன் ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் வேகத்தைச் சொல்லும். அதுவும் உள்ளேயே மழுப்பப்பட்டு, சற்றுத் தாமதமாக வரும். கார் பத்திரிகைக்காரர்கள் ஒரு காலத்தில் வண்டிக்குப் பின்னால் ஐந்தாவது சக்கரம் ஒன்றைக் கட்டி அளந்தார்கள். இப்போது விபாக்ஸ் மாதிரியான கருவிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில நொடிக்கு 100 முறை பதிகின்றன. நமக்கு 14 நொடி ஓட்டத்தில் 14 புள்ளிகள். இடைப்பட்டதெல்லாம் செயலி கோடு போட்டு நிரப்பிக்கொள்வது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் முடுக்கமானி. அது நொடிக்கு நூறு முறைகூடப் பதியும். ஆனால் அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புக் கொள்கைக்கு அஸ்திவாரமாக எடுத்துக்கொண்ட அதே விஷயம் இங்கே நமக்குத் தலைவலி. வண்டியை நிறுத்திவைத்துப் போனைச் சரிப்படுத்திவிட்டோம் என்று வையுங்கள். கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி பின்பக்கமாக உட்கார்ந்து மூக்கைத் தூக்குகிறது. அதோடு போனும் சாய்கிறது. ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் 0.17 அளவுக்குப் பொய்யான முடுக்கம் சேரும். அதை யாரும் திருத்தாமல் 14 நொடி கூட்டிக்கொண்டே போனால், இல்லாத வேகம் மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் கணக்கில் ஏறியிருக்கும்.

நல்ல செயலிகள் இதை ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்திக்கொள்கின்றன. அது சரிதான். ஆனால் ஓட்டம் தொடங்கிய கணத்தை முடுக்கமானியும், 80-ஐத் தொட்ட கணத்தைத் தாமதமாக வரும் ஜிபிஎஸ்ஸும் சொன்னால், அந்தத் தாமதம் முழுசாக நம் நேரத்தில் சேர்ந்துவிடும். இரண்டையும் ஜிபிஎஸ்ஸே சொன்னால் தாமதம் பெரும்பாலும் கழிந்துபோகும். எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைச் செயலி சொல்வதில்லை.

தொடக்கம் என்பதற்கே இரண்டு அர்த்தம் உண்டு. அமெரிக்க டிராக் பந்தயத் தடங்களில், வண்டி ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்து ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தப் பழக்கம் செயலிகளுக்குள்ளும் ஒரு தேர்வாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பலசாலி வண்டிக்கு இதனால் 0.3 நொடி கழியும். நம் வண்டி முதல் ஓர் அடி நகரவே கிட்டத்தட்ட அரை நொடி எடுக்கும். அந்தத் தேர்வு ஒரு நாள் ஆனிலும் ஒரு நாள் ஆஃபிலும் இருந்தால் அரை நொடி "முன்னேற்றம்" இலவசம்.

மெதுவான வண்டியை அளப்பதுதான் கஷ்டம்

இந்தச் செயலிகளை யோசித்தவர்கள் மனதில் இருந்த வண்டி வேறு. 4 நொடியில் 100 கி.மீ. எட்டும் காருக்கு முடுக்கம் ஏறக்குறைய 7. அங்கே 1 சதவீதச் சரிவு என்பது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைந்த பிழை, யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. என்னுடையது 796 சிசி, மூன்று சிலிண்டர், புதிதாக இருந்தபோதே 37 குதிரைத்திறன் அளவுதான். இங்கே அதே 1 சதவீதச் சரிவு 6 சதவீதப் பிழை. பலவீனமான வண்டியில் இன்ஜின் தள்ளுகிற தள்ளு சின்னது. சரிவு, எதிர்காற்று, எடை, டயர் காற்று எல்லாம் அதற்குப் போட்டியாக நிற்கின்றன.

எடையையே எடுத்துக்கொள்வோம். இந்த வண்டியின் டேங்க் 28 லிட்டர். முழு டேங்க் பெட்ரோல் ஏறக்குறைய 21 கிலோ. நானும் சேர்ந்து வண்டி 740 கிலோ என்றால் அது கிட்டத்தட்ட 3 சதவீதம். டேங்க் நிறைய இருந்த நாளுக்கும் காலியான நாளுக்கும் 0.4 நொடி வித்தியாசம் வரலாம். வெயிலும் அப்படித்தான். 20 டிகிரி காலையைவிட 38 டிகிரி மதியத்தில் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைவு. இன்ஜின் உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்துதான் இருக்கும்.

இப்படி 0.4, 0.5, 1.1 என்று பிழைகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில், செயலி 13.62 என்று இரண்டு தசமத்தில் விடை கொடுக்கிறது. அந்த 0.02-க்கு எந்த அர்த்தமும் கிடையாது. சொல்லப்போனால் 0.6-க்கே அர்த்தம் இல்லை. ஆனால் நம் கண் அதை நம்புகிறது. தசமம் பார்த்தாலே துல்லியம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம்.

குதிரைத்திறன் திரை

இதைவிட மோசமானது அடுத்த பக்கம். எடையைக் கொடுத்தால் செயலி குதிரைத்திறன் சொல்லிவிடும். சூத்திரம் தப்பில்லை: எடையை முடுக்கத்தாலும் வேகத்தாலும் பெருக்கி, காற்றும் டயரும் தின்கிற சக்தியைக் கூட்ட வேண்டும். 70 கி.மீ. வேகத்தில் முடுக்கம் 1 என்று வைத்துக்கொண்டால், 740 கிலோவுக்கு 19 குதிரைத்திறன் அளவு வருகிறது. காற்றுக்கும் டயருக்கும் நான் போடுகிற மதிப்பீடு இன்னொரு 6. ஆக, சக்கரத்தில் சுமார் 25.

இதில் எது எவ்வளவு ஆடும்? எடையில் 50 கிலோ தப்பாகப் போட்டால் 1.3 குதிரைத்திறன். என் நூற்பாலை ரோட்டின் சரிவு 1.2. போன் ஒரு டிகிரி சாய்ந்தால் 3.3. காற்றுக்கான 6 என்பதே ஊகம். சைலன்சர் மாற்றி அதிகபட்சம் எதிர்பார்க்கிறது ஒன்றோ இரண்டோ குதிரைத்திறன்தான். சாக்கு மூட்டை நிறுக்கிற தராசில் மூக்குத்தியை வைத்துப் பார்க்கிற கதை.

மறுபடி அளந்தேன்

மெக்கானிக் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனேன். அவர் சிரித்தார்.

"தம்பி, நான் செகண்டு கணக்கு எதுனா சொன்னேனுங்களா? பிக்கப் நல்லாருக்கும்னேன். அவ்ளோதானுங்க. செகண்டு சொன்னது நீங்க."

உண்மைதான். எண்ணைக் கொண்டுவந்தது நான்.

"பழைய சைலன்சர் இன்னும் இருக்குங்களாண்ணா? ஒரு நாள் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜாக்கியோடு வந்துவிட்டார். கார்புரேட்டரை அவர் ஏற்கனவே கழுவி டியூன் செய்திருந்தார். அதை மறுபடி அழுக்காக்க முடியாதே. அதனால் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும். முதலில் புதுசு, பிறகு பழசு, மறுபடி புதுசு. ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டம்: இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். மூன்றாவது சுற்று எதற்கென்றால், வெயில் ஏறுவதாலோ இன்ஜின் சூடாவதாலோ நேரம் தானாக மாறினால் அது முதல் சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் இடையே தெரிந்துவிடும்.

பன்னிரண்டு ஓட்டத்தில் பளிச்சென்று தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1.3 நொடி, எந்த சைலன்சராக இருந்தாலும். ஒரே சைலன்சர், ஒரே திசை, அடுத்தடுத்த இரண்டு ஓட்டம், அதிலேயே 0.4 நொடி வரை வித்தியாசம் வந்தது. கியர் மாற்றுகிற என் கையும் கிளட்சும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை. புதுசுக்கும் பழசுக்கும் சராசரி வித்தியாசம் 0.2 நொடி. முதல் புதுசுக்கும் மூன்றாவது சுற்றுப் புதுசுக்கும் வித்தியாசம்? அதுவும் 0.2 நொடி.

ஆக, சைலன்சர் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பயன் இருந்தால் அது என் அளவுகோலுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. 1.2 நொடி நிச்சயம் இல்லை.

அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா காதுக்கு வண்டி நல்லா இழுக்கற மாதிரித்தான் கேக்குதுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றும். அதை உடைக்கத்தானே அளவு என்ற ஒன்று வேண்டும். என் அளவு அதை உடைப்பதற்குப் பதிலாக முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

செயலி என்ன செய்திருக்க வேண்டும்

என் குற்றச்சாட்டு போன் அளப்பது தப்பு என்பதில்லை. மலிவான கருவிகள் சொன்னதை வைத்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். குற்றச்சாட்டு இது: எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதைச் செயலி தூக்கி எறிந்துவிடுகிறது. எந்தத் திசை, எத்தனை ஓட்டம், ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு ஆடியது, எடை என்ன, தொடக்கம் எந்தக் கணக்கில்? பகிர்வதற்குப் பொத்தான் இருக்கிறது. திருப்பி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்க ஒரு வரி இல்லை. தனி ஜிபிஎஸ் பெட்டியோடு வருகிற சில கருவிகள் சரிவையாவது காட்டுகின்றன. போனின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் அதுவும் கஷ்டம். உயரத்தைச் சில மீட்டர் தப்பாகச் சொல்கிற கருவியால் 1.3 மீட்டர் இறக்கத்தை எப்படிப் பார்க்க முடியும்? மேஸ்திரியின் டியூப் பார்த்தது.

செயலி திருந்தும்வரை நாம் செய்யக்கூடியவை சில. இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். குறைந்தது நான்கு ஓட்டம், நான்கையும் எழுதுங்கள்; நன்றாக வந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து அளப்பதைவிட, ஒரே கியரில் 40-லிருந்து 70 வரை அளந்தால் கிளட்ச், தொடக்கக் கணம், ஓர் அடி விவகாரம் எல்லாம் ஒழிந்துவிடும். பெட்ரோலை ஒரே அளவில் வையுங்கள். எதையாவது மாற்றினால், பழையபடி திரும்ப மாற்றியும் ஒரு முறை அளந்து பாருங்கள். குதிரைத்திறன் பக்கத்தைத் திறக்காதீர்கள். இதை எல்லாம் பொது ரோட்டில் செய்யாதீர்கள். அங்கே எதிரில் வருகிறவருக்கு உங்கள் சோதனை பற்றித் தெரியாது.

ஒப்பீடு என்றால் என்ன என்பதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் இருந்தது இதே 800-இன் இன்ஜின்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே தடம், ஒரே திசை, ஒரே வெயில். அங்கே ஒரு சுற்றில் அரை நொடி முந்தினால் அதற்கு அர்த்தம் உண்டு. அர்த்தம் கடிகாரத்தில் இல்லை, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்ததில் இருக்கிறது.

காசு செலவழித்த இரண்டு பேரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். ஒருவர், "பரவால்ல விடுங்க, சவுண்டு நல்லாருக்கு" என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது.

கார்புரேட்டர் கழுவிய பிறகு காலையில் என் வண்டி முதல் சாவிக்கே எழுந்துகொள்கிறது, சிக்னலில் நின்றால் அணைவதில்லை. அண்ணன் செய்த வேலையில் எனக்கு உண்மையிலேயே கிடைத்த பலன் அதுதான். அதை எந்தச் செயலியும் அளக்கவில்லை, நானும் பழைய குறிப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். பழைய குறிப்பில் 1.2 என்பதை அடித்துவிட்டு இந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கிறேன். அழிக்கவில்லை. தப்பு எப்படி நடந்தது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது அங்கேயே இருக்கட்டும்.